சாத்தாமல் விட்ட ஜன்னல்

நான் எடுத்த படங்களிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் எடுத்தது. திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டின் மாடி ஹால். சுவரின் மேல்பாதியில் வரிசையாகத் தூண்களும் வளைவுகளும் வரைந்திருக்கும். அந்தத் தூண்களைச் சுற்றிக்கொண்டு ஒரு பூங்கொடி ஏறி, வளைவின் மேல் படர்ந்து, அடுத்த தூணில் இறங்கும். இளஞ்சிவப்புப் பூ, நீலம் கலந்த பச்சை இலை. பக்கத்தில் கிழக்கு பார்த்த ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக வெளியிலிருந்து நிஜமான கோவைக்கொடி உள்ளே வந்து, வரைந்த கொடியின் மேல் சாய்ந்திருந்தது. இரண்டு வெள்ளைப் பூ. காலை வெயில். படத்துக்குக் கீழே நான் எழுதிய வரி: 'ஓவியத்தைப் பார்க்க வந்த கொடி.'

இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

லாக்டவுனில் அலுவலக லேப்டாப்போடு அப்பத்தா வீட்டுக்கு வந்து தங்கியிருந்த காலம் அது. அந்தப் பெரிய வீட்டின் சாவி அப்பத்தாவிடம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கியவர் அவர். ராத்திரி சாப்பிடும்போது போனை நீட்டிப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"சன்னல ஏன்டா சாத்தாம வந்த?"

அவ்வளவுதான் சொன்னார். அதை அன்றைக்கு நண்பர்களிடம் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தேன். அந்த ஓவியத்தைப் பற்றி இதுவரை யாரும் சொன்னதில் உருப்படியான விமர்சனம் அந்த ஒரு வரிதான் என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, முதலில் ஓவியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஹாலின் நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்பது வளைவுகள். எல்லாமே பொய் வளைவுகள். தட்டைச் சுவரில் நிழல் கொடுத்து வரைந்தவை. அதாவது கட்டடத்தின் மேல் ஒரு கட்டடத்தை வரைந்து, அதன் மேல் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். கீழ்ப்பாதிச் சுவர் வெறும் வெள்ளை. ஆனால் சாதாரண வெள்ளை இல்லை. சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிய பூச்சு. சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும். அந்தப் பளபளப்பில் மேலே இருக்கும் கொடி மங்கலாகப் பிரதிபலிக்கும். குளத்தங்கரையில் நிற்பது போல.

கொடிக்கு வேர் கிடையாது. இதைக் கவனிக்க எனக்கே பல வருஷம் ஆனது. தரையிலிருந்தோ தொட்டியிலிருந்தோ அது புறப்படுவதில்லை. தென்மேற்கு மூலையில் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து திடீரென்று வருகிறது, ஹாலைச் சுற்றிவிட்டு அதே தூணுக்குப் பின்னால் போய் மறைகிறது. ஒரே பூ, ஐந்து இதழ், இடதுபக்கம் ஒரு மொட்டு, கீழே மடங்கிய ஒரு இலை. இது அப்படியே திரும்பத் திரும்ப வரும். கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு இது உடனே புரிந்துவிட்டது: லூப். ஒருமுறை எழுது, பதினெட்டு முறை ஓட்டு. நிறம் தேய்ந்த இடங்களில் இலையின் ஓரமாகக் கரும்புள்ளிகள் தெரிகின்றன. தாளில் ஊசியால் துளைபோட்டு, சுவரில் வைத்து, கரித்தூளைத் துணிமூட்டையால் தட்டி எடுத்த அச்சு. இதைச் சொல்லித்தான் பலர் செட்டிநாட்டுச் சுவரோவியங்களை இரண்டாம் தரமாக வைக்கிறார்கள். கைவினை, அலங்காரம், வெறும் பார்டர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், வடகிழக்கு மூலையைப் பார்க்கும்வரை.

அங்கே ஒன்பதாவது வளைவு கொஞ்சம் குறுகல். கொத்தனார் கணக்கில் எங்கேயோ நாலைந்து அங்குலம் இடித்திருக்கிறது. அச்சு அந்த இடத்தில் பொருந்தாது. எந்த லூப்பும் கடைசிச் சுற்றில்தான் உதைக்கும், தெரிந்ததுதான். எதிர்மூலையிலும் இதே சிக்கல். அங்கே பூவைப் பாதியில் வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சனிக்கிழமைக் கூலி வாங்கும் அவசரமோ என்னவோ. வடகிழக்கில் மட்டும் ஒருவர் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கையால் வரைந்திருக்கிறார். கொடி அங்கே வளைவை விட்டு ஒருமுறை நழுவி, சும்மா காற்றில் தொங்கி, பின்பு எக்கித் தூணைப் பிடிக்கிறது. தொங்கும் அந்த வளையத்தில் ஒரு அணில் உட்கார்ந்து மொட்டைத் தின்கிறது. அந்த ஹால் முழுவதிலும் உயிருள்ள ஒரே ஜீவன் அதுதான். கையெழுத்தில்லாத ஓவியத்தில் அதைத்தான் நான் கையெழுத்தாக எடுத்துக்கொண்டேன்.

சரி, அது என்ன கொடி? தாவரவியல் படித்த தோழி ஒருத்தியிடம் கேட்டதில், "இது எதுவுமே இல்லை" என்றாள். இலை திராட்சை மாதிரி, சுருள் பாகல் மாதிரி, பூ எதுவென்றே சொல்ல முடியாது. கலை வரலாற்றாசிரியர் அலோயிஸ் ரீகல் 1893இல் எழுதிய 'ஸ்டில்ஃப்ராகன்' என்ற புத்தகம் இந்த இடத்தில் உதவும். அலங்காரக் கொடிகள் தோட்டத்தைப் பார்த்து வரையப்பட்டவை அல்ல, முந்தைய அலங்காரத்தைப் பார்த்து வரையப்பட்டவை என்பது அவர் வாதம். எகிப்தியத் தாமரையிலிருந்து கிரேக்க இலைவேலைப்பாடு, அங்கிருந்து இஸ்லாமியக் கொடிக்கோலம் என்று ஒரே வம்சாவளியை அதில் காட்டுவார். ரீகலைப் படித்துவிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பப் போனபோது பூவைக் கண்டுபிடித்துவிட்டேன். முகப்புத் திண்ணைச் சுவரில் பதித்த ஜப்பான் டைலில் இருக்கிறது. அதே ஐந்து இதழ், அதே இடப்பக்க மொட்டு. இலை, பர்மா தேக்கில் செதுக்கிய நிலைக்கதவில். வளைந்து வளைந்து போகும் அந்த ஓட்டம் மட்டும் உள்ளூர்ச் சரக்கு. கோயில் கல்லில் கொடிக்கருக்கு என்று சொல்வார்களே, அது.

அதாவது அந்தக் கொடி கப்பலில் வந்து இறங்கிய சாமான்களைப் பார்த்து முளைத்தது. கீழே இருந்த டைலும் கதவும் சுவர் ஏறிப் பூத்திருக்கின்றன. நிஜக் கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும். முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. இந்தக் கொடிக்குக் கொழுகொம்பு ரங்கூன் வட்டிக்கடை.

இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போனபோது நிலங்கள் கைமாறின. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்பங்கு நிலம் செட்டியார் நிறுவனங்களிடம் வந்திருந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. நண்பன் ஒருவன் என்னிடம் நேராகவே கேட்டான்: "அந்த வீட்டைக் கூட்டுன பாட்டியோட பேரன்டா நீ. வட்டிப் பணத்துல வரைஞ்ச பூவுக்கு உனக்கென்ன உருக்கம்?" நியாயமான கேள்வி. அந்த ஹாலில் எங்கள் அப்பத்தா உட்கார்ந்ததே கிடையாது. நின்றிருக்கிறார், குனிந்திருக்கிறார். ஓவியத்தைப் பற்றிக் கேட்டால், "அந்தப் பூவு இருக்குறதால ஒட்டட கம்பு வச்சுத் தட்டக்கூடாதுன்னு ஆச்சி சொல்லும். துணி கட்டிப் பையத் தொடைக்கணும். கழுத்து போயிரும்" என்பார். அவருக்கு அது ஒரு கழுத்துவலி.

ஆனால் நண்பனின் கேள்வி அந்த ஓவியத்துக்கு ஒரே உரிமையாளர்தான் உண்டு என்று எடுத்துக்கொள்கிறது. பணம் கொடுத்தவர் ஒருவர், அணில் வரைந்தவர் ஒருவர். அறுபது எழுபது வருஷம் அது சுவரில் நின்றதற்கு வேறு ஒருவர் காரணம். அந்த வேலையை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி கடைசியில், ஐப்பசி மழைக்கு முன்னால், அப்பத்தா அந்த வீட்டு மொட்டைமாடிக்கும் ஓட்டுக்கும் ஏறுவார். எனக்கு எட்டு ஒன்பது வயசு; சாக்கு பிடிக்கக் கூட்டிப்போவார். காக்கை எச்சத்தில் விழுந்த விதை சுவர் விரிசலில் முளைத்திருக்கும். அரசு, ஆல், இச்சி. விரலளவு கன்றுகள். பார்க்க எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா, இளஞ்சிவப்பு இலையோடு? அப்பத்தா ஒரு சின்ன இரும்பை உள்ளே விட்டு நெம்பி, வேரோடு எடுத்து, அந்தப் பொந்தில் சுண்ணாம்பை அப்புவார். ஒருமுறை நான் உதவுவதாக நினைத்து ஒன்றை மேலாகக் கிள்ளிப் போட்டேன். "மேல கிள்ளுனா அது சிரிக்கும்டா. வேர எடு" என்றார். அன்றைக்கு முப்பது நாற்பது செடியாவது எடுத்திருப்பார். கூலி, தீபாவளிச் சேலையோடு சேர்த்துக் கணக்கு.

கோயில்களில் இதற்குப் பெயரே உண்டு, உழவாரப் பணி. ஏழாம் நூற்றாண்டின் அப்பர் கையில் சிற்பிகள் கொடுத்திருப்பது வீணையோ ஏடோ இல்லை. புல் செதுக்கும் உழவாரம். ஒரு கவிஞரைக் களைவெட்டியோடு நிற்கவைத்த மரபு இது. கட்டடத்தின் மேல் செடி என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்பது அதிலேயே தெரியும். 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்பது இங்கே சாபம், கெட்ட சாபம். சந்ததி அற்றுப்போக என்று பொருள். திருமயம் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1687இல் சேதுபதி கட்டியது. புதுக்கோட்டைச் சாலையில் கோட்டை பைரவர் முன்னால் பஸ் வேகம் குறையும்போது அண்ணாந்து பார்த்தால் மதிலில் ஆங்காங்கே பச்சை தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர் யாரும் அதை 'ஆகா' என்று பார்த்ததில்லை. "புடுங்க ஆளில்ல போல" என்பார்கள்.

'ஆகா' வேறொரு ஊர் வழக்கம். இடிந்த மண்டபம், சுவரைப் பிளந்த மரம், முன்னால் அளவுக்காகச் சிறிதாக ஒரு மனிதர் என்பது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு ரசனையாகவே வளர்ந்தது. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792இல் தென்னாட்டுக்கு வந்து கோட்டைகளையும் கோயில்களையும் வரைந்தபோது அந்தக் கண்ணையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள். கம்போடியாவின் தா புரோம் கோயிலை மரவேரோடு அப்படியே விட்டுவைக்க பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் எடுத்த முடிவும் அந்த ரசனையின் தொடர்ச்சிதான். 2001இல் 'டூம் ரைடர்' படம் வந்த பிறகு உலகமே போய் அந்த வேர் முன்னால் நின்று போட்டோ எடுத்தது. அங்கே மரம் எந்த இடத்தில் தாங்குகிறது, எந்த இடத்தில் தள்ளுகிறது என்று பொறியாளர்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள், அது தனிக் கதை.

நம் தலைமுறையின் செட்டிநாட்டுப் படங்களை ஒருநாள் உட்கார்ந்து வரிசையாகப் பாருங்கள். உடைந்த ஜன்னல், உள்ளே செடி, பெயர்ந்த வண்ணம், பட்டுச்சேலையில் ஒரு பெண். என்னுடையதில் பெண் மட்டும்தான் இல்லை. இவற்றுக்கெல்லாம் தரும் விளக்கம் ஒன்றே: இயற்கை தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுவரில் வரைந்திருக்கும் கொடியைப் பொறுத்தவரை இது தலைகீழான வாசிப்பு. அந்தக் கொடிக்கு வேர் இல்லாததுதான் அதன் மொத்த விஷயமும். சுவரைப் பிளக்காத ஒரே கொடி அது. வெளியே ஒரு இணுக்கைக்கூட விடாமல் பிடுங்கும் வீட்டில், உள்ளே மட்டும் படரவிட்ட கொடி. எருக்கு முளைக்காது என்பதற்கு எழுதிக்கொடுத்த பத்திரம். நிஜக் கொடியை அதன் பக்கத்தில் நிறுத்தி 'பொருத்தம் பார்' என்று நான் எடுத்த படம், அந்தப் பத்திரத்தின் மேல் மசியைக் கொட்டியதற்குச் சமம்.

இதே மாவட்டத்தில் இன்னொரு உதாரணம் இருப்பதால்தான் இதை இவ்வளவு அடித்துச் சொல்கிறேன். புதுக்கோட்டைக்கு வடமேற்கே சித்தன்னவாசல். பாறையைக் குடைந்த சமணர் கோயில். அறிவர் கோயில் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் அதைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டு சொல்கிறது. மண்டபத்து விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மொட்டு, பாதி விரிந்தது, முழுக்க விரிந்தது, கவிழ்ந்த இலை. நடுவில் மீன், அன்னம், யானை, எருமை. பூப்பறிக்கும் ஆட்கள், ஒருவர் தோளில் தாமரைத்தண்டோடு. சுற்றிலும் கொதிக்கும் பாறை. உள்ளே குனிந்து போய் அண்ணாந்தால் தலைக்கு மேல் தண்ணீர். காய்ந்த பூமிக்காரன் வரைகிற செடி வேறு மாதிரிதான் இருக்கும்.

அந்தக் குளத்தோடு ஒப்பிட்டால் நம் ஹால் கொடியின் குறையும் தெரிந்துவிடுகிறது. சித்தன்னவாசலில் பூவைப் பறிக்க ஆள் இருக்கிறார். பூ இருக்கிறது என்றால் அதற்கு ஒரு கை வரும், மாடு வந்து மிதிக்கும், மீன் வந்து இடிக்கும். செட்டிநாட்டுக் கொடியில் யாரும் இல்லை. பதினெட்டு வளைவும் பறிக்கப்படாத பூ. சொத்து மாதிரியே ஒரு பூ, எண்ணி வைத்தது. அணில் ஒன்றுதான் அந்தக் கணக்கில் கைவைக்கிறது. அதனால்தான் அந்த மூலை எனக்கு முக்கியம். ஓவியமாக அது சித்தன்னவாசலின் பக்கத்தில் நிற்குமா என்றால் நிற்காது. ஆனால் அந்த ஒரு முழ இடம் நிற்கும்.

2014இலிருந்து செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. நல்லது. பட்டியலுக்கு மொட்டைமாடியில் ஏறத் தெரியாது. அப்பத்தாவுக்கு முட்டி போன பிறகு அந்த வீட்டில் யாரும் ஏறவில்லை. வீட்டுக்குப் பதினான்கு பங்காளிகள், பாதிப்பேர் வெளிநாடு. ஓடு மாற்ற ஒருவர் சரி என்றால் இன்னொருவர் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார். கோவைக்கொடி ஜன்னலுக்குள் வந்தது அப்படித்தான். அது மரம் மாதிரி சுவரைப் பிளக்கிற சாதியில்லை, பாவம். நடந்தது எளிமையானது: கொடி உள்ளே வந்திருந்ததால் கதவு சாத்தவில்லை. சாத்த வேண்டுமென்றால் கொடியை வெட்ட வேண்டும். அன்றைக்கு என் பையில் சாவிக்கொத்தோடு சின்னக் கத்தியும் இருந்தது. படம் நன்றாக வந்திருந்தது. நாளைக்கு வேறு வெளிச்சத்தில் இன்னொன்று எடுக்கலாம் என்று அப்படியே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் ஆபீஸ் மீட்டிங். அப்புறம் பெங்களூரு.

அப்பத்தா 2022இல் போய்ச் சேர்ந்தார். 2023 நவம்பரில்தான் நான் திரும்ப அந்த மாடிக்கு ஏறினேன். வடகிழக்குப் பருவமழை கிழக்கு ஜன்னல் வழியாக மூன்றாவது வருஷமாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கும். கக்கும்போது உள்ளே இருக்கும் உப்பு வெளியே வந்து படியும். உப்புப் பூத்திருக்கிறது என்போம். அது வண்ணத்துக்கு அடியில் பூக்கும்போது வண்ணத்தைத் தோலோடு தள்ளிவிடுகிறது. ஜன்னலிலிருந்து மூலைவரை ஏழெட்டு அடிக்குப் பூச்சு விழுந்து செங்கல் தெரிந்தது. அணில் இருந்த இடமும் அதில் போய்விட்டது. தரையில் கிடந்த சில்லுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். இலை கிடைத்தது, இதழ் கிடைத்தது. அவை எந்த வளைவிலும் இருக்கக்கூடியவைதான். கோவைக்கொடி காய்ந்து, வெறும் நாராக ஜன்னல் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அறுத்துப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். பொருந்தவில்லை, மரம் உப்பியிருந்தது. கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன்.

இந்த வருஷம் பங்காளிகளில் ஒருவர், சென்னையில் இருக்கும் அண்ணன், வீட்டை ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடலாம் என்று மற்றவர்களைச் சம்மதிக்க வைத்துவிட்டார். ஹாலைச் சரிசெய்ய ஓவியர் ஒருவரைப் பிடித்திருக்கிறார். போன வாரம் போன் செய்து, "தம்பி, நீங்க எடுத்த அந்தப் படம் இருக்குல்ல, பெருசா அனுப்புங்க. அதப் பாத்து வரைஞ்சிருவாரு" என்றார். அந்த மூலைக்கு வேறு படமே இல்லையாம், யாரிடமும். அனுப்பினேன்.

நேற்று ஓவியரே கூப்பிட்டார்.

"சார், தூணுகிட்ட கொடி லூசா தொங்குது. அதுக்கு மேல நிஜக் கொடியோட எலை ஒண்ணு மறைக்குது. பின்னால வால் மாதிரி ஏதோ தெரியுது. என்ன சார் அது?"

அணில் என்றேன்.

"எந்தப் பக்கம் பாத்துச்சு?"